முழுசாக ஆறின பிறகுதான் கற்றுக்கொடுக்க வேண்டுமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிப் போட்டுவிடுகிறேன். உங்களுக்கு வயது 41. பள்ளி ஆசிரியை. மூன்று வருடத்துக்கு முன் கணவர் தவறிவிட்டார். அதற்கப்புறம் தூக்கம் போய், கழுத்து வலி வந்து, டாக்டர் சொன்னதன் பேரில் யோகா வகுப்பில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது கழுத்து பரவாயில்லை, ராத்திரி ஐந்து மணி நேரமாவது தூங்குகிறீர்கள். உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் மேடம், நீங்களும் டீச்சர் ட்ரெயினிங் முடித்து வகுப்பு எடுக்கலாமே என்கிறார். நீங்கள் கேட்பது: “இன்னமும் சில நாள் காலையில் பாயை விரித்து உட்கார்ந்தால் அழுகைதான் வருகிறது. இந்த நிலைமையில் நான் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்கலாமா? கற்றுக்கொடுப்பது எனக்கு நல்லது செய்யுமா? இல்லை, முழுசாக ஆறின பிறகுதான் அதில் இறங்க வேண்டுமா?”

நான் 19 வருடமாகச் சென்னையில், பெரம்பூர் பக்கம் ஒரு வீட்டு மாடியில் யோகா சொல்லிக்கொடுக்கிறேன். என் பதில் இதுதான். முழுசாக ஆறட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆனால் ஆற்றிக்கொள்வதற்கு ஒரு வழியாக நினைத்தும் வகுப்பு எடுக்கப் போகாதீர்கள். முதலில் பார்த்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும். கொஞ்சம் நீட்டிச் சொன்னால்தான் புரியும், அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் உங்கள் பயிற்சி உங்களுக்கு என்ன செய்திருக்கிறது என்று பார்ப்போம். வகுப்பில் உங்களைக் கையைத் தூக்கு, குனி, நிமிர் என்று சொல்லியிருப்பார்கள். ஆனால் தூக்கம் திரும்பி வந்ததில் கை கால் அசைவைவிட மூச்சின் பங்கு பெரிது. மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகத் துடிக்கும், விடும்போது சற்று மெதுவாகத் துடிக்கும். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக மூச்சு விட்டுப் பாருங்கள், பல பேருக்கு இது விரலிலேயே தெரியும். மூளையின் அடியிலிருந்து கிளம்பிக் கழுத்து வழியாக இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வயிற்றுக்கும் போகிற வேகஸ் நரம்பின் வேலை இது. இழுக்கிற மூச்சைவிட விடுகிற மூச்சை நீளமாக்கும்போது, ‘ஆபத்து இல்லை, அடங்கலாம்’ என்கிற செய்தி உடம்பு முழுக்கப் போகிறது. சும்மா இருக்கும்போது நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். பயிற்சியில் அது 6 தடவை என்ற அளவுக்கு இறங்கும்போது, ரத்த அழுத்தத்தைச் சமன் செய்கிற அனிச்சைச் செயலும் கூர்மையாகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள்.

துக்கத்தில் இருக்கிற உடம்பு காவல்காரனைப் போல விழித்தே இருக்கும். ராத்திரி 2 மணிக்குக் காரணமே இல்லாமல் முழிப்பு வரும், தாடை இறுகியிருக்கும், தோள் காது வரைக்கும் ஏறியிருக்கும். அந்தத் தோள்தான் உங்கள் கழுத்து வலி. ‘நடந்தது நடந்துபோச்சு, தூங்கு’ என்று மனசுக்கு எத்தனை தடவை எடுத்துச் சொன்னாலும் உடம்பு கேட்காது. உடம்புக்குப் புரிகிற மொழி நீளமாக விடுகிற மூச்சுதான்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. பதஞ்சலியின் யோக சூத்திரம் யோகத்துக்கு வருகிற ஒன்பது தடைகளைச் சொல்லும்போது முதல் தடையாக வியாதியைச் சொல்கிறது. அந்தத் தடைகளோடு கூடவே வருகிறவை என்று நாலு அடையாளங்களையும் சொல்கிறது: துக்கம், மனச் சோர்வு, உடம்பு நடுக்கம், மூச்சு தாறுமாறாவது. கணவரை இழந்த முதல் ஆறு மாதம் உங்களுக்கு எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள், இந்த நாலும் இருந்திருக்கும். மனசைத் தெளிய வைக்க அந்த நூல் சொல்லும் பல வழிகளில் ஒன்று, மூச்சை நன்றாக வெளியே விட்டு அங்கே நிற்பது. இவ்வளவு பழைய நூல் துக்கத்தையும் மூச்சையும் ஒரே வரியில் வைத்திருக்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

ஆய்வு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ‘நம்பிக்கைதானே எல்லாம்’ என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். அமெரிக்காவில் பாஸ்டன் பகுதியில் நடந்து 2014-ல் வெளியான ஆய்வு அது. வாழ்க்கையில் பெரிய அதிர்ச்சிக்கு ஆளாகி, அதன் பிறகு வருகிற, சிகிச்சைக்கும் சரிவர மசியாத PTSD என்ற மனநோயோடு இருந்த 64 பெண்கள் அதில் கலந்துகொண்டார்கள். ஒரு குழுவுக்கு வாரம் ஒரு மணி நேரம் யோகா, 10 வாரம். இன்னொரு குழுவுக்கு அதே அளவு நேரம் உடல்நலம் பற்றிய வகுப்பு. கடைசியில் யோகா செய்த குழுவில் பாதிப் பேர் அந்த நோயின் வரையறைக்கு வெளியே வந்திருந்தார்கள். மற்ற குழுவில் ஐந்தில் ஒருவர்தான் அப்படி வந்திருந்தார். நாள்பட்ட இடுப்பு வலிக்கு மருந்தில்லாத வழிகளை முதலில் பாருங்கள் என்று அமெரிக்க மருத்துவர் கழகம் 2017-ல் சொன்ன பட்டியலிலும் யோகா இருக்கிறது. இதனால் எல்லா நோயும் போய்விடும் என்று அர்த்தம் இல்லை. ஆனால் உங்களுக்குக் கிடைத்த ஐந்து மணி நேரத் தூக்கம் வெறும் மனப்பிரமை இல்லை.

சரி, கற்றுக்கொடுப்பதற்கு வருவோம். இதில் எனக்கு நடந்ததைச் சொல்லாமல் உங்களுக்குப் பதில் சொல்ல முடியாது.

என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து நாலு வருடம் படுக்கையில் இருந்தார். அம்மாவைத் தூக்கி உட்காரவைத்தே என் இடுப்பு போச்சு. அதற்காகத்தான் முதன்முதலில் ஒரு யோகா வகுப்புக்குப் போனேன். அங்கே காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிகிற பச்சிமோத்தானாசனத்தில் நான் பாதி குனிந்திருந்தபோது சொல்லிக்கொடுத்தவர் பின்னால் வந்து முதுகில் கையை வைத்து அழுத்தினார். உட்காரும் எலும்புக்குப் பக்கத்தில் ‘பட்’ என்று ஒரு சத்தம். தொடையின் பின்தசை எலும்போடு சேருகிற இடம் கிழிந்திருந்தது. எட்டு மாதம் ஒரு நாற்காலியில் நிம்மதியாக உட்கார முடியவில்லை. அந்த வலியில் நான் யோகாவையே விட்டிருப்பேன். ஒரு தோழி வலுக்கட்டாயமாக வேறொரு அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனார். அவர் முதல் நாள் என்னை ஆசனமே செய்யச் சொல்லவில்லை. நாற்காலியில் திண்டு போட்டு உட்காரவைத்து, அரை மணி நேரம் நான் மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், “அம்மாவுக்கு யார் சமைக்கிறாங்க, நீங்கதானா?” என்று மட்டும் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்களுக்குப் பாயில் வருகிறதே, அதே அழுகைதான்.

அந்த ஆசிரியை கற்றுக்கொண்ட வழி, திருமலை கிருஷ்ணமாச்சார்யா விட்டுப்போன வழி. உங்கள் கேள்விக்கு அவர் வாழ்க்கையிலேயே பாதி பதில் இருக்கிறது என்பதால் அவரைப் பற்றிச் சொல்கிறேன். 1888-ல் இன்றைய கர்நாடகத்தில் பிறந்தவர். மைசூர் மகாராஜாவின் ஆதரவில் அரண்மனையில் யோகசாலை நடத்தியபோது அவரிடம் படித்தவர்கள் இளம் பையன்கள். துள்ளிக் குதித்துச் செய்கிற, வியர்த்துக் கொட்டுகிற யோகாவை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். கண்டிப்புக்குப் பேர் போனவர். சுதந்திரத்துக்குப் பிறகு அரண்மனை ஆதரவு போய் யோகசாலையும் மூடப்பட்டது. 1952-ல் சென்னைக்கு வந்தபோது அவருக்கு வயது 60-ஐத் தாண்டிவிட்டது. இங்கே அவரிடம் வந்தவர்கள் நடுத்தர வயதுக்காரர்கள், நோயாளிகள், தூக்கம் வராதவர்கள். அவர்களைத் துள்ளிக் குதிக்கச் சொல்ல முடியுமா? ஆளுக்கு ஆள் நாடி பிடித்துப் பார்த்து, ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்லாமல், மூச்சை அளவுகோலாக வைத்துக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். மைசூரில் இருந்தவரும் சென்னையில் இருந்தவரும் ஒரே ஆளா என்று கேட்கத் தோன்றும். எதிரில் வந்து உட்கார்ந்தவர்கள்தான் அவரை மாற்றினார்கள் என்று நான் நினைக்கிறேன். 96 வயதில் இடுப்பு எலும்பு முறிந்தபோது அறுவை சிகிச்சை வேண்டாம் என்று சொல்லி, படுக்கையிலேயே செய்கிற மாதிரி தனக்கு ஒரு பயிற்சியை அமைத்துக்கொண்டார். நோயாளிகளுக்கு முப்பது வருடம் சொல்லிக்கொடுத்த அந்தப் பழக்கம் இல்லாவிட்டால், தன் உடம்புக்கு என்ன வேண்டும் என்று அவருக்கு அப்படித் தெரிந்திருக்குமா? நூறு வயதைத் தொட்டு 1989-ல் காலமானார். (எலும்பு முறிந்தால் நீங்களும் ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அவர் விஷயம் வேறு.)

அவர் மகன் தேசிகாச்சார் கதையும் இதில் சேரும். அவர் இன்ஜினீயரிங் படித்தவர், அப்பாவின் வேலையில் அவருக்கு அப்போது ஈடுபாடு இல்லை. 1960-களின் தொடக்கத்தில் ஒரு நாள் வாசலில் கார் வந்து நின்றது. ஒரு வெளிநாட்டுப் பெண்மணி இறங்கி ஓடிவந்து, ஆசாரமான அந்தப் பெரியவரைத் தெருவிலேயே கட்டிப்பிடித்து நன்றி சொன்னார். மகன் திகைத்துப்போய் என்ன விஷயம் என்று கேட்டார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு நேற்று ராத்திரிதான் மாத்திரை இல்லாமல் அந்த அம்மா தூங்கினார் என்று தெரிந்தது. அந்த ஒரு ராத்திரித் தூக்கத்தைப் பார்த்துத்தான் தேசிகாச்சார் இன்ஜினீயர் வேலைப் பக்கம் போகாமல் அப்பாவிடம் மாணவராக உட்கார்ந்தார். 1976-ல் சென்னையில் கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரத்தைத் தொடங்கினார். தூக்கம் எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதே குரு வழியில் வந்த இன்னொருவர்தான் பி.கே.எஸ். ஐயங்கார். 1918-ல், இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் பரவிய வருடத்தில் பிறந்தவர். சின்ன வயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று வரிசையாக வந்து ஒட்டடைக் குச்சி மாதிரி இருந்த பையன். அக்கா வீட்டுக்காரரான கிருஷ்ணமாச்சார்யாவிடம் மைசூரில் கொஞ்சகாலம் கற்றார், அவ்வளவுதான். 1937-ல், 18 வயதில், புனேவுக்குப் போய்ச் சொல்லிக்கொடு என்று அனுப்பிவிட்டார்கள். மராத்தி தெரியாது. மாணவர்களில் பலர் அவரைவிடப் பலசாலிகள். அவருடைய உடம்பு அப்போதும் முழுசாகத் தேறவில்லை. அங்கேதான் அவர் தன் உடம்பையே பாடப் புத்தகமாக வைத்துத் தினமும் மணிக்கணக்கில் பயிற்சி செய்தார். முடியாதவர்களுக்கு நாற்காலி, பெல்ட், மரக்கட்டை, சுருட்டிய போர்வை என்று முட்டுக்கொடுக்கிற வழி அவரிடமிருந்துதான் உலகம் முழுக்கப் பரவியது. முடியாத உடம்பு எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒருவருக்குத்தான் அந்த யோசனை வந்திருக்கும். 95 வயது வரை இருந்தார்.

ஆகவே ‘முழுசாக ஆறின பிறகு’ என்று ஒரு நாளைக் குறித்து வைத்துக்கொண்டு இவர்கள் யாரும் காத்திருக்கவில்லை. துக்கத்துக்கு அப்படி ஒரு நாள் வருவதும் இல்லை. உங்களுக்கே இது தெரிந்திருக்கும்.

கற்றுக்கொடுப்பதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒரே ஒரு சம்பவம் சொல்கிறேன். என்னிடம் ஒரு தையற்கடை அக்கா வந்தார். சர்க்கரை உண்டு, வலது தோளில் ஃப்ரோசன் ஷோல்டர், அதாவது தோள் மூட்டு இறுகிப்போவது. சர்க்கரை இருப்பவர்களுக்கு அது கூடுதலாக வரும். ஜாக்கெட் ஊக்கைப் பின்னால் மாட்ட முடியாது, மேல் பரணில் இருக்கிற டப்பாவை எடுக்க முடியாது. கையைத் தூக்கச் சொன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பையே ஒரு பக்கம் சாய்த்து, எப்படியாவது தூக்கிவிடப் பார்ப்பார். மூச்சு அப்படியே நின்றுபோகும். “கையை விட்டுடுங்க அக்கா, மூச்சை மட்டும் பாருங்க. மூச்சு எவ்வளவு தூரம் போகுதோ அவ்வளவு தூரம் கை போனா போதும்” என்றேன். முதல் வாரம் கை இடுப்பு உயரத்துக்கு மேல் வரவில்லை. அவருக்கு ஏமாற்றம். மூன்றாவது வாரம் தோள் உயரத்துக்கு வந்தது. ஒரு நாள் வகுப்பு முடிந்து பாயைச் சுருட்டும்போது சொன்னார்: “மேடம், நான் ஊசியில நூல் கோக்கும்போதெல்லாம் மூச்சைப் பிடிச்சுக்கறேன். முப்பது வருஷமா அப்படித்தான் இருந்திருப்பேன் போல. நேத்துதான் கவனிச்சேன்.”

அவர் போன பிறகு நான் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அம்மா இருந்த அறைக் கதவு அங்கிருந்து தெரியும். அம்மா இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அந்தக் கதவைத் திறக்கப் போகும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நாலு வருடம் தினமும் காலையில், உள்ளே அம்மா எப்படி இருக்கிறாரோ என்ற பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு திறந்த கதவு. அம்மா போன பிறகும் என் நெஞ்சு அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. நானாகப் பயிற்சி செய்த இத்தனை நாளில் இதை நான் கண்டுபிடிக்கவில்லை. ஒரு தையற்காரர் ஊசியில் நூல் கோத்ததைச் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து அந்தக் கதவுக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்று, மூச்சை முழுசாக விட்டுவிட்டுத் திறந்தேன். எத்தனை நாள் செய்தேன் என்று எண்ணவில்லை. எப்போதோ ஒரு நாள் நிற்காமலே திறந்திருக்கிறேன்.

கற்றுக்கொடுப்பது ஆற்றும் என்று நான் சொல்வது இதைத்தான். தனியாகப் பயிற்சி செய்யும்போது நம் கவனம் நம் வலியைச் சுற்றியே வரும். எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்து, அவர் மூச்சு எங்கே தடுக்கிறது, புருவம் எப்போது சுருங்குகிறது, விரல் எப்போது மடங்குகிறது என்று பார்க்கத் தொடங்கினால் அந்தச் சுற்று நிற்கும். அவருக்காகக் குரலை நிதானமாக்குகிறோம், அவரோடு சேர்ந்து மூச்சு விடுகிறோம். ஒரு மணி நேரம் கழித்து எழுந்திருக்கும்போது நம் நாடியும் அடங்கியிருக்கும். துக்கத்தில் இருப்பவர்களை எல்லோரும் ‘பாவம்’ என்றே பார்ப்பார்கள். நம்மால் இன்னொருவருக்கு ஒரு உபயோகம் இருக்கிறது என்று தெரிவதே ஒரு தெம்பு. அதை லேசாக நினைக்காதீர்கள்.

இப்போது அடுத்த பாதி. ஆற்றிக்கொள்வதற்காக வகுப்பு எடுக்கப் போகாதீர்கள் என்று ஏன் சொன்னேன்?

வகுப்பு நன்றாகப் போகத் தொடங்கியதும் நான் ஒரு தப்பு செய்தேன். அந்த ஒரு மணி நேரம் மனசு லேசாக இருந்ததால் வகுப்புகளைக் கூட்டிக்கொண்டே போனேன். காலையில் மூன்று, மாலையில் இரண்டு. வீட்டில் தனியாக இருக்கும் நேரமே இல்லாமல் பார்த்துக்கொண்டேன். என் சொந்தப் பயிற்சி நின்றுவிட்டது. நாள் முழுக்க ஆசனம் செய்து காட்டுகிறேனே, அது போதாதா என்று நினைத்தேன். செய்து காட்டுவது பயிற்சி ஆகாது. செய்து காட்டும்போது கண் மாணவர் மேல் இருக்கும், வாய் பேசிக்கொண்டே இருக்கும், உடம்பு சூடேறாமலே ஒரு பக்கம் மட்டும் வளையும். ஒரு வருடத்தில் பழைய இடுப்பு வலி திரும்பியது, தொண்டை கட்டிக்கொண்டது. அதைவிட மோசம், யாராவது வகுப்புக்கு வராவிட்டால் எனக்குள் கோபம் வந்தது. அவர்கள் வந்தால்தான் எனக்கு நல்லாயிருக்கும் என்ற நிலைமைக்கு வந்துவிட்டேன். அவர்களுக்கு நான் மருந்தாக இருக்க வேண்டிய இடத்தில் அவர்களை என் மருந்தாக்கிக்கொண்டேன். ஒரு பெண் தன் மகளைப் பற்றிச் சொல்லி அழுதபோது, என் அம்மா கதையைச் சொல்லி நானும் அழுதேன். அவர் அப்புறம் வரவில்லை. தன் பாரத்தை இறக்கிவைக்க வந்தவர், என் பாரத்தையும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

என் ஆசிரியையிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. வகுப்பை இரண்டாகக் குறைக்கச் சொன்னார். மாதம் ஒரு தடவை தன்னிடம் மாணவியாக வந்து உட்காரச் சொன்னார். இன்றைக்கும் போகிறேன். உங்களுக்கு நான் வைக்கும் நிபந்தனை இது ஒன்றுதான்: அழுவதற்கு வேறு இடம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மேடமோ, ஒரு கவுன்சிலரோ, அக்காவோ, யாராவது. மனசு ரொம்பக் கனத்துப்போகும் நாட்களில் 14416 என்ற, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. வகுப்பில் நீங்கள் உட்காருவது அடுத்தவருக்காக.

சில எச்சரிக்கைகள், சுருக்கமாக. கண் அழுத்த நோய் இருப்பவரைத் தலைகீழாக நிற்க வைக்கக் கூடாது. சிரசாசனத்தில் கண்ணின் அழுத்தம் இரண்டு மடங்கு வரை ஏறும். கட்டுப்படாத ரத்த அழுத்தம், குடலிறக்கம், கர்ப்பம் என்றால், மூச்சை வேக வேகமாக வெளியே தள்ளுகிற கபாலபாதி வேண்டாம். டிஸ்க் பிதுங்கியவரையும் எலும்பு மெலிந்தவரையும் முன்னால் ஆழமாகக் குனிய வைக்காதீர்கள். யார் முதுகையும் கையால் அழுத்தவே அழுத்தாதீர்கள், என் கதையை மறக்காதீர்கள். ‘சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாமா, தூக்க மாத்திரையை விடலாமா’ என்று கேட்பார்கள். ‘அதை டாக்டரிடம் கேளுங்கள்’ என்பதுதான் எப்போதும் பதில். அப்புறம், கண்ணை மூடு என்று யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம். கண்ணை மூடினாலே பயங்கரம் ஓடுகிற மனசு சிலருக்கு உண்டு. என்னிடம் ஒரு பெண் ஏழு மாதம் கண்ணைத் திறந்துகொண்டே சவாசனம் செய்தார், விட்டத்தைப் பார்த்தபடி. அதற்குக் காரணம் என்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ட்ரெயினிங் விஷயம். பெரும்பாலும் 200 மணி நேரப் பயிற்சிதான் எங்கும் இருக்கிறது. அதை ஒரே மாதத்தில் முடித்துத் தருகிற இடங்களும் உண்டு, அப்படியானால் தினமும் ஏழெட்டு மணி நேரம். உங்கள் கழுத்துக்கும் மனசுக்கும் அது சரிப்படாது. வார இறுதிகளில் ஒரு வருடமாக நடக்கிற இடத்தைத் தேடுங்கள். சேருவதற்கு முன் கேளுங்கள்: நான் ஒருவருக்குச் சொல்லிக்கொடுப்பதை யாராவது உட்கார்ந்து பார்த்துத் திருத்துவார்களா? உடம்புக் கூறு பற்றிச் சொல்லித்தருவார்களா? நோய் உள்ளவருக்கு எதைச் செய்யக் கூடாது என்று கற்றுத்தருவார்களா? மாணவர்களை நிற்க வைத்துப் போட்டோ எடுப்பதில்தான் அக்கறை என்றால் அந்த இடம் வேண்டாம். சான்றிதழ் தேவைப்பட்டால் ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் இருக்கிற யோகா சான்றிதழ் வாரியத்தின் தேர்வு இருக்கிறது, தமிழ்நாடு உடற்கல்வியியல் பல்கலைக்கழகத்தில் படிப்புகளும் இருக்கின்றன. ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஒரு விஷயம் செய்து பாருங்கள்.

உங்கள் பள்ளியின் ஸ்டாஃப் ரூமில் கழுத்து வலி என்று தைலம் தடவுகிற ஒரு சக ஆசிரியை கட்டாயம் இருப்பார். வேறு பெரிய நோய் எதுவும் இல்லையா என்று முதலில் கேட்டுக்கொண்டு, அவருக்கு மட்டும், வாரம் இரண்டு நாள், 15 நிமிடம் சொல்லிக்கொடுங்கள். கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலி போதும். உங்கள் மேடத்திடம் சொல்லிவிட்டு, அவர் உங்களுக்குத் தந்ததிலேயே எளிதான இரண்டு அசைவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சை இழுத்தபடி கையைத் தூக்குவது, விட்டபடி இறக்குவது, அவ்வளவு சின்னது. நாற்பது பிள்ளைகளுக்குக் கேட்கிற மாதிரி பேசிப் பழகிய குரல் உங்களுடையது. அதை இறக்குவதற்கே ஒரு வாரம் ஆகும். அவர் மூச்சு முடிவதற்கு முன்னால் அடுத்ததைச் சொல்லாமல் இருக்க இன்னொரு வாரம் ஆகும். மூன்று மாதம் இப்படிச் செய்யுங்கள். அவர் ஒரு நாள் வராவிட்டால் உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். ‘சரி, அடுத்த வாரம் பார்ப்போம்’ என்று இருந்தால் ட்ரெயினிங்கில் சேருங்கள். அன்றைக்கு ராத்திரி தூக்கம் கெட்டுப்போகிறது என்றால் இன்னும் கொஞ்சகாலம் மாணவியாகவே இருங்கள், நஷ்டம் ஒன்றும் இல்லை.

அழுகை வருகிற காலைகளைப் பற்றி. அதை நிறுத்தப் பார்க்காதீர்கள், ஆசனத்தால் அமுக்கவும் பார்க்காதீர்கள். அன்றைக்கு வஜ்ராசனமும் வேண்டாம், சூரிய நமஸ்காரமும் வேண்டாம். பாயில் மல்லாந்து படுத்து, முழங்கால் மடிந்து கெண்டைக்கால் இரண்டும் ஒரு நாற்காலியின் மேல் இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு ஒரு மடித்த துண்டு. ஒரு கை வயிற்றில். மூச்சை இழுப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அது தானாக வரும். விடுவதை மட்டும் மெதுவாக, ஒன்று முதல் ஆறு வரை மனசுக்குள் எண்ணி விடுங்கள். நடுவில் விம்மல் வந்தால் எண்ணிக்கை தப்பும், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். பத்து நிமிடம் போதும். அப்புறம் முகம் கழுவிக்கொண்டு காபி போட்டுக் குடித்துவிட்டுப் பள்ளிக்குப் போங்கள். அன்றைக்கு ஸ்டாஃப் ரூம் வகுப்பு இருந்தால் அதையும் எடுங்கள். கண் சிவந்திருக்கிறதே என்று அவர் கேட்டால், காலையில் கொஞ்சம் அழுகை வந்தது என்று உண்மையைச் சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் கை வைத்திருக்கிற இடத்தைப் பாருங்கள்.